பழைய விண்டோஸ் விர்ச்சுவல் மெஷினில் ஏற மறுத்தால்: எங்கே நிற்கிறது, எப்படி நகர்த்துவது

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் தோல் அளக்கும் மெஷின் பக்கத்தில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி இருக்கும். வேலூர் மண்டித் தெருக் கடைகளில், 2017 ஜூலைக்கு முந்தைய வாட் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொன்று ஓரமாகக் கிடக்கும். இரண்டுக்கும் வயதாகிவிட்டது. மதர்போர்டு போய்விட்டால் அதே போர்டு கிடைக்காது. காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்த் தேடினாலும், கிடைப்பது இன்னொருவர் கழற்றிப் போட்டதாகத்தான் இருக்கும். புதுக் கணினி வாங்கி, அதற்குள் விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) போட்டு, பழைய விண்டோஸை ஏற்றுவதுதான் நடைமுறையில் சரியான வழி.

ஏற்றப் போனால் நீலத் திரை வரும், கறுப்புத் திரை வரும், இல்லையென்றால் ஹார்ட் டிஸ்கே இல்லை என்று சொல்லும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடனும், விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலை 11-உடனும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-உம் அந்த வரிசைக்குப் போனது. ஆதரவு நின்றுவிட்டது என்பதாலேயே ஓடாது என்று அர்த்தமில்லை. புதிதாகப் போடும் விர்ச்சுவல் மெஷின் இந்தக் காலத்து டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, ராம் அளவு எல்லாவற்றையும் காட்டுகிறது. 2001-இல் வந்த விண்டோஸுக்கு அதில் பாதி தெரியாது. ஏற்ற வேண்டிய விண்டோஸின் வயதுக்கு விர்ச்சுவல் மெஷினை இறக்கிக் கொடுப்பதுதான் வேலையே. பிழை வந்தால் எதை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், இந்த விண்டோஸ் வந்த வருஷத்தில் இப்படி ஒரு வன்பொருள் இருந்ததா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

விர்ச்சுவல் மெஷின் போடும் மென்பொருள்களில் இங்கே விர்ச்சுவல்பாக்ஸை வைத்துச் சொல்கிறேன். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்; மெனுப் பெயர்கள்தான் மாறும், நோயும் மருந்தும் ஒன்றே. புதுக் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஏறும் பழசை கெஸ்ட் என்றும் சொல்வது தொழில் வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஹோஸ்ட்

கெஸ்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஹோஸ்டைச் சரிபாருங்கள். விர்ச்சுவல் மெஷினை ஸ்டார்ட் செய்த உடனே, திரையில் எதுவும் வராமல் 'விடி-எக்ஸ் டிசேபிள்டு' அல்லது 'ஏஎம்டி-வி டிசேபிள்டு' என்று பெட்டி வந்தால், விர்ச்சுவல் மெஷினுக்குச் செயலி தரும் உதவி அணைந்திருக்கிறது; கணினியின் பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் போர்டில் அது 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஸ்விஎம் மோட்' என்றும் இருக்கும். எனேபிள் செய்து சேவ் செய்யுங்கள்.

இது ஆன் ஆகியிருந்தும் எல்லாம் ஆமை வேகத்தில் போகிறதா? விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பாருங்கள், பச்சை நிறத்தில் நிஜமாகவே ஓர் ஆமைப் படம் இருக்கும். விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி, செயலியை முதலில் பிடித்துக்கொண்டது என்பதற்கான அடையாளம் அது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறது. பழைய விண்டோஸ்கள் இந்தச் சுற்றுவழியில் மெதுவாக ஓடும், சில நேரம் காரணமே இல்லாமல் உறையும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்யுங்கள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே கணினியில் டாக்கரோ விண்டோஸுக்குள் லினக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு அவை நின்றுபோகும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்புக்கான வசதி என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்டர்நெட்டில் சுற்றும் கணினியில் இதை அணைப்பதைவிட, பழைய வேலைக்கென்று தனிக் கணினி ஒதுக்குவது நல்லது.

இன்னொரு குழப்பம். பத்து வருஷத்துக்கு முந்தைய குறிப்புகளில் 'விடி-எக்ஸ் டிக்கை எடுத்துவிட்டால் 98 ஓடும்' என்று இருக்கும். அப்போது அது உண்மை. 2019 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இல், செயலியின் உதவியில்லாமல் மென்பொருளாலேயே ஓட்டும் அந்த வழி நீக்கப்பட்டுவிட்டது. அந்த டிக் பெட்டியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிடியும் உரிமமும்

கடையில் இருக்கும் அசல் சிடியிலிருந்து ஐஎஸ்ஓ (சிடியின் முழு நகலான ஒரே கோப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத இடத்தில் இறக்கும் 'எல்லாம் சேர்த்த' எக்ஸ்பி ஐஎஸ்ஓக்களில் கூடவே என்ன ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது. கணக்கு வைக்கும் கணினியில் அதை ஏற்றவே கூடாது. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது, தனியாக விலைக்கு வாங்கிய ரீடெயில் உரிமத்தை இடம் மாற்றலாம். இதை முதலாளியிடம் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது. ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ் ஏற்றுவதை அதன் உரிம ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் புது மெஷின் உருவாக்கும்போது, ஐஎஸ்ஓவைக் காட்டிய உடனே தானாகவே இன்ஸ்டால் செய்துவிடப் பார்க்கும். அதை நிறுத்திவிடுங்கள்; 7.0-இல் அதற்கு 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். பழசுக்கு மட்டுமில்லை, விண்டோஸ் 10, 11-இலும் 'லைசென்ஸ் டெர்ம்ஸ் கிடைக்கவில்லை' என்று இன்ஸ்டால் நின்றுபோவதற்கு இந்தத் தானியங்கி வேலை ஒரு காரணம்.

எக்ஸ்பி: கொடுக்க வேண்டிய உடம்பு

வேலூர் வட்டாரத்தில் அதிகம் கேட்கப்படுவது எக்ஸ்பிதான். செட்டிங்ஸை இப்படி வையுங்கள்:

1. வகை: விண்டோஸ் எக்ஸ்பி, 32-பிட். ராம் 512 எம்பி முதல் 1 ஜிபி வரை போதும். செயலி ஒன்றே ஒன்று.
2. சிப்செட் பிஐஐஎக்ஸ்3. ஐ/ஓ ஏபிஐசி எந்த நிலையில் வைத்து ஏற்றுகிறீர்களோ, பிறகும் அதே நிலையில் இருக்கட்டும். ஆன் செய்து ஏற்றிவிட்டுப் பிறகு ஆஃப் செய்தால் எக்ஸ்பி எழவே எழாது.
3. டிஸ்கை இணைக்கும் பழைய முறையான ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள், வகை பிஐஐஎக்ஸ்4. புதிய முறையான சாட்டா வேண்டாம். அளவு 20 ஜிபி.
4. நெட்வொர்க் கார்டு பிசிநெட்-ஃபாஸ்ட் 3. இதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியிலேயே உண்டு. ஆனால் கேபிள் இணைப்பு டிக்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.
5. கிராஃபிக்ஸ் விபாக்ஸ்விஜிஏ. யூஎஸ்பி 1.1.

மூன்றாவது எண்ணில்தான் பத்துக்கு ஒன்பது பேர் மாட்டுகிறார்கள். 'செட்அப் டிட் நாட் ஃபைண்ட் எனி ஹார்ட் டிஸ்க்' என்றாலும், நீலத் திரையில் ஸ்டாப் எண் 7பி-இல் முடிந்தாலும் காரணம் ஒன்றுதான்: சாட்டாவின் ஏஹெச்சிஐ முறைக்கு எக்ஸ்பி சிடியில் டிரைவர் கிடையாது. சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, டிரைவர் இல்லாத டிஸ்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். (1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்பிவிட்டார் என்பதைக் கேலி பேசுபவர்கள் சொல்வதில்லை.) நிஜக் கணினியாக இருந்தால் எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் கன்ட்ரோலரையே மாற்றிவிடலாம். மெஷினை அணைத்து, ஸ்டோரேஜ் பக்கத்தில் சாட்டாவிலிருந்து டிஸ்கைக் கழற்றி ஐடிஇ-யில் மாட்டினால் வேலை முடிந்தது.

ஃபைல்கள் காப்பியாகி ரீஸ்டார்ட் ஆன பிறகு 'சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது கீயை அழுத்தவும்' என்று வரும்போது கை சும்மா இருக்க வேண்டும். அழுத்தினால் இன்ஸ்டால் முதலிலிருந்து தொடங்கும். 'எத்தனை முறை போட்டாலும் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போகுது சார்' என்று வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான்.

ஏறியதும் கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்டுக்காக விர்ச்சுவல்பாக்ஸ் தரும் டிரைவர் தொகுப்பு) போடுங்கள். லோகோ டெஸ்ட் பாஸாகவில்லை என்று விண்டோஸ் மிரட்டும், 'கன்டின்யூ எனிவே' கொடுக்கலாம். அடிஷன்ஸின் புதிய பதிப்பு எக்ஸ்பியில் மல்லுக்கட்டினால், விர்ச்சுவல்பாக்ஸ் 5.2 வரிசையின் கெஸ்ட் அடிஷன்ஸ் ஐஎஸ்ஓவை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்கள். விஎம்வேரில் இதற்கு இணையானது 'வின்ப்ரீவிஸ்டா' என்ற பெயரில் வரும் 10.0.12 டூல்ஸ் ஐஎஸ்ஓ.

இந்த இடத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிவர, மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது) எடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு படி சரியான பிறகும் ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு செட்டிங்கை மாற்றாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த கடையில் அதே நோய் வந்தால் மறுபடி இருட்டில் தடவ வேண்டியதுதான்.

புதிதாக ஏற்றாமல் பழைய டிஸ்கையே கொண்டுவருவது

மென்பொருளின் சிடி தொலைந்துபோயிருக்கும். எழுதிக் கொடுத்தவர் ஊரிலேயே இருக்க மாட்டார். அப்போது புது எக்ஸ்பி ஏற்றிப் பயனில்லை, பழைய ஹார்ட் டிஸ்கை அப்படியே விர்ச்சுவல் டிஸ்காக மாற்ற வேண்டும். இந்தப் பகுதிதான் கடினம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் வழியாக ஹோஸ்டில் மாட்டுங்கள். சிஸ்இன்டர்னல்ஸின் டிஸ்க்2விஹெச்டி என்ற சிறிய கருவியில் அந்த டிஸ்கின் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'விஹெச்டிஎக்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு விஹெச்டியாகச் சேமியுங்கள். டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதென்றால் இந்தக் கருவி வேண்டாம். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பிவந்து முயலும் டிடிரெஸ்க்யூவை லினக்ஸ் லைவ் டிஸ்கில் ஓட்டுங்கள். அசல் டிஸ்கை எழுத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள், எல்லாச் சோதனையும் நகலில்தான்.

அந்த விஹெச்டியை மேலே சொன்ன செட்டிங்ஸ் கொண்ட மெஷினில் ஐடிஇ-யில் மாட்டி ஸ்டார்ட் செய்தால் மூன்றில் ஒன்று நடக்கும்.

நீலத் திரை 7பி. ஐடிஇ-யில் மாட்டியும் வருகிறதே என்றால், பழைய கணினியின் விஐஏ அல்லது எஸ்ஐஎஸ் சிப்செட்டின் ஐடிஇ டிரைவரை மட்டுமே அந்த எக்ஸ்பி அறிந்திருக்கிறது. பழைய கணினி இன்னும் எழுகிறதென்றால், டிஸ்கைக் கழற்றும் முன்பே அதில் மெர்ஜ்ஐடிஇ என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பை ஓட்டிவிடுவது சுலபம். எழவில்லையென்றால் எக்ஸ்பி சிடியிலிருந்து ரிப்பேர் இன்ஸ்டால். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: முதல் திரையிலேயே 'ஆர்' அழுத்தினால் ரெகவரி கன்சோல்தான் திறக்கும், அது நமக்கு வேண்டியதில்லை. முதல் திரையில் என்டர், பிறகு ஒப்பந்தத்துக்கு எஃப்8, பழைய விண்டோஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று காட்டும் அடுத்த திரையில்தான் 'ஆர்'. அந்த ரிப்பேர், மென்பொருளையும் டேட்டாவையும் தொடாமல் வன்பொருளை மட்டும் புதிதாகக் கண்டுகொள்ளும். அடுத்த திரையில் பழைய விண்டோஸ் பட்டியலில் வரவில்லை என்றால் உடனே எஃப்3 அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டாப் 7இ, அல்லது எந்தச் செய்தியும் இல்லாத ரீஸ்டார்ட் சுழற்சி. பழைய கணினி இன்டெல், புது ஹோஸ்ட் ஏஎம்டி என்றால் முதல் சந்தேகம் இன்டெல்பிபிஎம் என்ற சர்வீஸ் மேல். இன்டெல் செயலியின் மின்சிக்கனத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் அது, ஏஎம்டியைப் பார்த்ததும் தடுமாறும். சேஃப் மோடில் போட்டால் வரிசையாக ஓடும் பெயர்கள் ஏஜிபி440-இல் நிற்கிறதா? அது பழைய ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டு பாதைக்கான டிரைவர், அதையும் அணைக்க வேண்டும். ரெகவரி கன்சோலில் 'டிசேபிள்' கட்டளையால் செய்யலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: மெஷினை அணைத்துவிட்டு, விஹெச்டியை ஹோஸ்டில் டபுள் கிளிக் செய்தால் அது ஒரு டிரைவாகத் திறக்கும். ஹோஸ்டின் ரெஜெடிட்டில் ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரி கோப்பு), அந்த டிரைவின் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிஸ்டம்' கோப்பைத் திறந்து ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். உள்ளே 'கரன்ட் கன்ட்ரோல் செட்' இருக்காது, 'கன்ட்ரோல்செட்001' என்று இருக்கும். குழம்ப வேண்டாம், ஓடாத விண்டோஸில் அப்படித்தான். அதில் சர்வீசஸ், இன்டெல்பிபிஎம், 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்குங்கள். 4 என்றால் டிசேபிள். ஏஜிபி440-க்கும் அதே. பிறகு அன்லோட் ஹைவ் கொடுத்து, டிரைவை எஜெக்ட் செய்துவிட்டே மெஷினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். அன்லோட் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று விர்ச்சுவல்பாக்ஸ் கத்தும்.

மூன்றாவது, 'என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங்'. பெரும்பாலும் சி டிரைவை மட்டும் நகலெடுத்து, பூட் பகுதியை விட்டிருப்பார்கள். அல்லது பகுதி ஆக்டிவாகக் குறிக்கப்படவில்லை. நகலை மறுபடி எடுப்பதே குறைந்த நேரம்.

எழுந்துவிட்டால், வன்பொருள் மாறிவிட்டது, மூன்று நாளுக்குள் மறுபடி ஆக்டிவேட் செய் என்று எக்ஸ்பி கேட்கும். உரிமத்தைப் பற்றி முன்பே பேசச் சொன்னது இதற்காகத்தான்.

எங்கே நின்றது என்று லாக் சொல்லும்

திரையில் வருவதை மட்டும் பார்த்து ஊகிக்காதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜரில் மெஷினைத் தேர்ந்து 'ஷோ லாக்' திறந்தால், அந்த ஓட்டத்தின் கதை முழுதும் இருக்கும். 'என்இஎம்' என்று தொடங்கும் வரிகளும் 'ஃபால் பேக்' என்ற சொல்லும் தெரிந்தால் ஹைப்பர்-வி இன்னும் போகவில்லை. 'குரு மெடிடேஷன்' என்று வந்தால் கெஸ்ட் அல்ல, விர்ச்சுவல் மெஷினே விழுந்திருக்கிறது. பெரும்பாலும் சிப்செட், செயலி எண்ணிக்கை, ஹைப்பர்-வி இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். லாக் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்பியின் நீலத் திரை கண் இமைக்கும் நேரத்தில் மறைகிறதென்றால், எஃப்8 மெனுவில் 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' கொடுத்தால் நின்று படிக்கலாம்.

பழைய லினக்ஸுக்கு இரண்டே வரி. 'பிஏஇ இல்லை' என்று கெர்னல் நின்றால் செயலிப் பக்கத்தில் பிஏஇ டிக்கைப் போடுங்கள். '64-பிட் செயலி வேண்டும், ஐ686 தான் தெரிகிறது' என்றால் மெஷினின் வகையை 64-பிட்டாக மாற்றுங்கள்.

சீரியல் போர்ட்: மெஷின் பேசுகிறது, எக்ஸ்பி கேட்கவில்லை

தோல் அளக்கும் மெஷின், எடை மெஷின் எல்லாம் ஆர்எஸ்-232 கேபிளில் எண்ணை அனுப்புபவை. புதுக் கணினியில் அந்த ஒன்பது பின் போர்ட் இருக்காது, யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட வேண்டும். கன்வெர்ட்டரை எக்ஸ்பிக்குள்ளேயே நேராகக் கொடுத்துவிடலாம், ஆனால் எக்ஸ்பிக்கான டிரைவர் தேட வேண்டும். ஹோஸ்டிலேயே டிரைவரைப் போட்டு, விர்ச்சுவல் மெஷின் செட்டிங்ஸில் சீரியல் போர்ட் 1-ஐ எனேபிள் செய்து, காம்1 என்று வைத்து, போர்ட் மோடில் 'ஹோஸ்ட் டிவைஸ்' கொடுத்து, பாத்தில் ஹோஸ்ட் காட்டும் காம் எண்ணை எழுதுவதே நிலையானது. எக்ஸ்பியைப் பொறுத்தவரை காம்1 எப்போதும் போல் இருக்கிறது, பழைய மென்பொருளில் எதையும் தொட வேண்டியதில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் நிற்கும். மேல்விஷாரம் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து இப்படித்தான் ஒரு போன்.

'தம்பி, மெஷின்ல நம்பர் வருது, கம்ப்யூட்டர் உள்ள வரமாட்டேங்குது.'

'பாய், அந்த நீல ஒயரைக் கழட்டி மாட்டினீங்களா?'

'ஆமா, பெருக்கறப்ப கழண்டுச்சு. திரும்ப மாட்டிட்டேனே.'

'அதே ஓட்டைலயா?'

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பக்கத்து ஓட்டையில் மாட்டியிருந்தார். சிஹெச்340 போன்ற விலை குறைந்த கன்வெர்ட்டர்களுக்குத் தனி அடையாள எண் கிடையாது; யூஎஸ்பி ஓட்டை மாறினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனம் என்று நினைத்து காம்3-ஐ காம்5 ஆக்கிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் இன்னும் காம்3-ஐத் தேடிக்கொண்டிருக்கும். மாட்டிய ஓட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள். டிவைஸ் மேனேஜரில் கன்வெர்ட்டர் மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 10' காட்டினால், அது ப்ராலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய ரகமாகவோ போலியாகவோ இருக்கும். புதிய டிரைவர் அவற்றை ஏற்பதில்லை. வேறு கன்வெர்ட்டர் வாங்குவது உத்தமம். எண்கள் குப்பையாக வந்தால் பாட் ரேட்டும் பேரிட்டியும் மெஷின் கையேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விண்டோஸ் 98

98-க்கு விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் கிடையாது. ராம் 256 எம்பி, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 512-ஐத் தாண்டினாலே அதன் கேஷ் நிர்வாகம் தடுமாறத் தொடங்கும், 1 ஜிபிக்கு மேல் போனால் 'மெமரி போதவில்லை' என்று வேடிக்கையாகச் சொல்லும். டிஸ்க் 8 ஜிபிக்குள். சில சிடிக்கள் தானாக பூட் ஆகாது, பூட் ஃபிளாப்பி இமேஜ் வேண்டும். டிஸ்கைப் பிரித்து ஃபார்மட் செய்த பிறகு சிடியின் வின்98 ஃபோல்டரை முதலில் சி டிரைவுக்குக் காப்பி செய்து, அங்கிருந்தே செட்அப்பை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் 'சிடியைப் போடு' என்று கேட்காது.

செட்அப் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு 'விண்டோஸ் புரொடக்‌ஷன் எரர்' என்றோ, தொட்டதெல்லாம் 'இல்லீகல் ஆபரேஷன்' என்றோ விழுந்தால் உங்கள் செட்டிங்ஸில் குற்றமில்லை. 98-இன் நினைவக நிர்வாகத்தில் ஒரு பழைய பிழை இருக்கிறது: பக்க அட்டவணையை மாற்றிய பிறகு, செயலி டிஎல்பி என்ற தன் சிறு நினைவகத்தில் வைத்திருக்கும் நகலைச் சரியாக அழிக்காது. பழைய செயலிகளில் அது வெளியே தெரியவில்லை. ஏஎம்டி சென் 2 முதலும், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலும் உள்ள செயலிகளில் வெளியே வந்துவிடுகிறது. பேட்சர்9எக்ஸ் என்ற இலவசக் கருவியின் ஃபிளாப்பி இமேஜில் பூட் செய்து, ஃபைல் காப்பி முடிந்து முதல் ரீஸ்டார்ட் ஆகும் இடத்தில் அதை ஓட்டிவிட்டால் பிரச்சினை தீரும். அதிவேகச் செயலியில் நேரக் கணக்கு தவறி விழும் பழைய பிழைக்கும் அதிலேயே மருந்து உண்டு.

இவ்வளவும் செய்து 16 நிறத் திரையில் உட்கார்ந்திருப்பதற்கு, 86பாக்ஸ் என்ற எமுலேட்டர் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. அது அந்தக் கால மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சிப் அளவில் போலி செய்கிறது. மெதுவாக இருக்கும், ஆனால் 98 முரண்டு பிடிக்காது. ஓட வேண்டியது டாஸில் எழுதிய பில்லிங் மட்டும்தான் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போதும், 98-ஏ தேவையில்லை.

விண்டோஸ் 7, 11

7-இன் சிடியில் யூஎஸ்பி 3 டிரைவரும் என்விஎம்இ டிரைவரும் இல்லை. மவுஸ், கீபோர்டு வேலை செய்யாவிட்டால் யூஎஸ்பி கன்ட்ரோலரை 2.0-க்கு இறக்குங்கள், டிஸ்கை சாட்டாவில் வையுங்கள், இஎஃப்ஐ டிக்கை எடுத்துவிடுங்கள். 11-இல் பிரச்சினை தலைகீழ்: அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் செக்யூர் பூட்டும் 4 ஜிபி ராமும் கேட்கும். 2022 அக்டோபரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் செட்டிங்ஸிலேயே கொடுக்கலாம். பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள், இன்ஸ்டால் திரையில் ஷிஃப்ட்-எஃப்10 அழுத்தி ரெஜெடிட் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், செட்அப் என்பதன் கீழ் 'லேப்கான்ஃபிக்' என்ற கீயை உருவாக்கி, அதில் 'பைபாஸ்டிபிஎம்செக்', 'பைபாஸ்செக்யூர்பூட்செக்', 'பைபாஸ்ராம்செக்' மூன்றையும் டிவேர்டாகப் போட்டு மதிப்பு 1 கொடுப்பார்கள். 24ஹெச்2 பதிப்பு கேட்கும் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் செயலியில் இல்லையென்றால் எந்த பைபாஸும் உதவாது.

நெட்வொர்க், பிரிண்டர், பழைய தமிழ்

எக்ஸ்பியை இன்டர்நெட்டில் விடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருஷமான எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு பேட்ச் வெளியிட வேண்டியிருந்தது. எப்படியும் அதன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது, இன்றைய அரசுத் தளங்கள் அதில் திறக்காது. ஹோஸ்டோடு ஃபைல் பரிமாற ஷேர்டு ஃபோல்டர் போதும். நெட்வொர்க் ஷேர் வழியாக முயன்றால், எக்ஸ்பி பேசும் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி 1-ஐ விண்டோஸ் 10-உம் 11-உம் முன்னிருப்பாக நிறுத்திவைத்திருப்பதால் இணைப்பு மறுக்கப்படும். அதைத் திறந்துவிடுவது வான்னாக்ரை வந்த கதவைத் திறப்பது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் யூஎஸ்பி இருந்தால், யூஎஸ்பி ஃபில்டரில் சேர்த்து எக்ஸ்பிக்கே கொடுத்துவிடுங்கள். டாஸ் மென்பொருள் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் அனுப்பும் என்றால், எக்ஸ்பிக்குள் அந்தப் பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பி, 'பெர்சிஸ்டென்ட்' என்பதை யெஸ் ஆக்குங்கள். நெட்வொர்க் கார்டு முழுக்கத் துண்டிக்கப்பட்டிருந்தால் இது வேலை செய்யாது; ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரில் கேபிளை இணைத்து வையுங்கள், வெளியுலகம் தெரியாது, எல்பிடி1 ஓடும்.

பில்லின் தலைப்பில் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று அச்சாகும் மென்பொருள்கள் உண்டு. அவற்றின் தமிழ் யூனிகோட் இல்லை, அந்தந்தக் காலத்து எழுத்துருக் குறியீடு. டேப், டாம், டிஸ்கி, பாமினி, வானவில் என்று ஏதாவது ஒன்று. டேட்டாவை டெக்ஸ்டாக வெளியே எடுத்தால் ஹோஸ்டில் குப்பையாகத் தெரியும், டேட்டா கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். கெஸ்டின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் எந்த எழுத்துரு இருக்கிறது என்று பார்த்து, அந்தக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். எழுத்துருக் கோப்பையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக பேக்கப். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, அது அதே டிஸ்கில்தான் இருக்கிறது. மெஷினின் ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். விஹெச்டி வேறு ஃபோல்டரில் இருந்தால் அதையும் சேர்த்து. கரன்ட் போகிறதென்று அவசரமாக 'சேவ் ஸ்டேட்' கொடுத்து வைத்த நிலையில் எடுத்தால், வேறு செயலி உள்ள கணினியில் அந்த நிலை திரும்ப எழாமல் போகலாம். எக்ஸ்பிக்குள் போய் ஷட் டவுன் கொடுத்து, மேனேஜரில் 'பவர்டு ஆஃப்' என்று காட்டிய பிறகு காப்பியை ஆரம்பியுங்கள். எடுத்த நகலை இன்னொரு கணினியில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஒரு பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.